ஒரு கடிதத்துக்கு ஒரு பொய்

ஜனவரி 6

அக்கா,

நீ நலமாகத்தான் இருப்பாய். நீ இல்லாத கட்டிலில் நான் கைகால் பரப்பித் தூங்குகிறேன், உனக்கு ஏதாவது என்றால் எனக்கு இந்தத் தூக்கம் வராது. இங்கே அப்பா, அம்மா, நான், சுவர்ப் பல்லி நால்வரும் நலம்.

பயிற்சி மையத்தில் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள், அரசு வேலைத் தேர்வு முடியும்வரை கடிதம்தான் என்று கேட்டு அம்மா கண்ணீர் விட்டாள். நான் விட்டது ஆனந்தக் கண்ணீர். "இனிமே அவ என்னை மணிக்கு ஒரு தடவை படிச்சியான்னு கேக்க முடியாது" என்றேன். அம்மா கரண்டியைத் தேடினாள். நான் ஒளியின் வேகத்தில் வெளியேறினேன்.

விதி பழைய விதிதான். பொது அறிவியலில் ஐந்து வரி எழுதுவேன். ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு பொய். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கண்டுபிடித்து எழுது.

1. கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஆண் கொசு பூச்சாறு குடித்துவிட்டுச் சும்மா திரியும். (நம் வீட்டில் கடி ஜோக் போடுவது நான் ஒருத்திதான் என்பது கூடுதல் ஆதாரம்.)
2. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். காதலில் தோற்றால் செலவு அதிகம்.
3. வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன். ஒன்று கழுத்தில் ஏறியது, மற்றது அப்பா காதில் ஏறியது.
4. நிலவில் நின்று கத்தினால் எதிரொலி இரண்டு மடங்கு நேரம் கேட்கும். குறுக்கே பேச அங்கே ஆளில்லை.
5. பாதரசம் உலோகம், ஆனாலும் ஓடும். வீட்டுப்பாடம் என்றதும் நான் ஓடுவது போல.

கடித்து முடித்தேன்.
கொசு


ஜனவரி 17

கொசுவுக்கு,

உன் கடிதம் வந்தது. காய்ச்சல் வரவில்லை, ஆகவே நலம். நீயும் நலமாக இரு, ஆனால் என் கட்டிலில் இராதே.

நான்காவது பொய். நிலவில் காற்று இல்லை. ஒலி போவதற்கு ஊடகம் வேண்டும். நீ அங்கே நின்று கத்தினால் ஒருவருக்கும் கேட்காது. உன்னை அனுப்பிவைக்க யாரிடம் மனு கொடுக்கலாம் என்று விசாரிக்கிறேன்.

ஓர் அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்கள், ஒரே ஜன்னல். ஜன்னலை முறைவைத்துப் பார்க்கிறோம். என் மேல்கட்டில்காரி தூக்கத்தில் தனிம அட்டவணை ஒப்பிக்கிறாள், இரும்பு வரும்போது குறட்டையாக மாறிவிடுகிறது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு. மதிப்பெண்ணைச் சாப்பாட்டு அறை வாசலில் ஒட்டுகிறார்கள். பார்த்துவிட்டுத்தான் தட்டெடுக்க வேண்டும். பலருக்குப் பசி அங்கேயே அடங்கிவிடும்.

உன் ஐந்து வரிகளை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆக்டோபஸுக்கு ஒருத்தி அழுதேவிட்டாள். எதற்கென்று கேட்கவில்லை.

அப்பா பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டே தேடுகிறாரா இன்னும்?

அக்கா


பிப்ரவரி 2

ஆபீசரம்மா அவர்களுக்கு,

உடல்நலம், மனநலம், மதிப்பெண் நலம் மூன்றும் அறிய ஆவல். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவுக்கு மட்டும் விட்டு விட்டு வயிற்றுவலி. அம்மா வாயு என்கிறாள். "எந்த வாயும்மா? நைட்ரஜனா, ஹீலியமா?" என்று கேட்டேன். ஹீலியமாக இருந்தால் இந்நேரம் கூரையில் ஒட்டியிருப்பார் என்றும் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "வாய மூடு" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்ச நேரம் நிஜமாகவே மூடியிருந்தேன். பிறகு அவரே வந்து தலையில் தட்டிவிட்டுப் போனார்.

பேட்டரிக் கடையில் வேலை அதிகமாம். பழைய பேட்டரியை உடைக்கிற ஆள் நின்றுவிட்டான், அதையும் அப்பாவே செய்கிறார். உடைப்பது, தகடு உருவுவது, உருக்குவது எல்லாம் அந்தப் பின்னறையில்தான். உன் அறைக்காவது ஒரு ஜன்னல்.

1. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழே எலும்புதான், நமக்கும் ஏழுதான். தலைக்கனம் நீளத்தில் இல்லை.
2. குண்டு பல்பின் இழை டங்ஸ்டன். எரிந்தாலும் உருகாத மனசு.
3. வாழைப்பழத்தில் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. தின்றால் இருட்டில் மின்ன மாட்டாய், பயப்படாதே.
4. எறும்பின் கடியில் இருப்பது ஃபார்மிக் அமிலம். என் கடியில் இருப்பது அன்பு.
5. தூய்மையான தண்ணீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும்.

கண்டுபிடி பார்ப்போம்.
கொசு


பிப்ரவரி 19

கொசுவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. அப்பா வயிறு எப்படி இருக்கிறது?

ஐந்தாவது பொய். தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்றே சொல்லலாம், கரைந்த உப்புதான் கடத்தும். அப்பா பேட்டரியில் ஊற்றும் வடித்த நீரை நினைத்துக்கொண்டேன், விடை வந்துவிட்டது. ஆனால் உடனே வரவில்லை. நான்காவதில் நின்று யோசித்தேன், மூன்றாவதில் நின்று யோசித்தேன். போன தடவை உன் பொய் ஒரு மூச்சில் தெரிந்தது. இந்தத் தடவை அன்று முழுக்க ஆயிற்று.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். வாசலில் ஒட்டும் தாளில் என் பெயரைக் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கிறது. வரலாறு வருகிறது, கணக்கு வருகிறது, பொது அறிவியலில் கை நடுங்குகிறது. இரண்டு தடவை அங்கேதானே விழுந்தேன். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதால் முன்னால் போட்ட சரியும் கரைந்துவிடுகிறது. இந்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. இனி அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

வேலை கிடைத்த அன்றே அப்பாவை அந்தப் பின்னறையிலிருந்து வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் இதெல்லாம். மற்றபடி ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் இருந்தால் எனக்கென்ன.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. "நல்லா படிக்கிறாளாம்" என்று மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நலமா? இங்கே எல்லோரும் நலம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. பள்ளியில் தேர்வு நெருங்குகிறது. நீ நன்றாகப் படிப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அம்மா அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

1. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ நான்கு மாதம் உயிரோடு இருக்கும்.
2. ஹீமோகுளோபினில் இருக்கும் உலோகம் இரும்பு.
3. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு.
4. ஈயம் மென்மையான உலோகம், கத்தியால் வெட்டலாம்.
5. உடம்புக்குள் போய்த் தங்கும் ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் சேரும்.

சாப்பிடாமல் இருக்காதே. உன் தேர்வு முடியும்வரை வேறெதையும் நினைக்காதே.

கொசு


மார்ச் 24

கொசுவுக்கு,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது பொய் என்று நினைக்கிறேன். பத்து லட்சம் என்பது உன் வாய் அளவுக்கு இருக்கிறது.

இல்லை. மேல்கட்டில்காரியிடம் புத்தகம் வாங்கிப் பார்த்தேன், மூன்றாவது சரி. அப்படியானால் ஐந்தாவது. ஈயம் ரத்தத்தில்தானே இருக்க வேண்டும். பயந்துபோய் அதையும் பார்த்தேன். அதுவும் உண்மை. எனக்கு அழுகை வந்தது. ஒரு பொடிப்பெண் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பொய்யே என் கண்ணில் படவில்லை, தேர்வு அறையில் நாலு விடையில் மூன்று பொய்யை நான் எப்படிப் பிடிப்பேன்? இன்றைய மாதிரித் தேர்வில் பாதியைத் தொடாமலே கொடுத்துவிட்டு வந்தேன். எதைப் படித்தாலும் இதில் எங்கே பொய் என்றே தோன்றுகிறது.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று ஐந்தையும் நூலகத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஐந்தும் உண்மை. நீ விதியை மீற மாட்டாய். திருட்டுத்தனம் எல்லாம் செய்வாய், விதியை மட்டும் மீற மாட்டாய். அதனால் மறுபடி மேலிருந்து படித்தேன், எண் போடாத வரிகளையும் சேர்த்து.

"இங்கே எல்லோரும் நலம்."

அதுதானே?

உன் கடிதத்தில் ஒரு ஜோக் கூட இல்லை. பல்லியை விட்டுவிட்டாய். அப்பா வயிறு எப்படி என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை. கொசு, ஒட்டகச்சிவிங்கி என்று எழுதியவள் ரத்தம், சிறுநீரகம், ஈயம் என்று எழுதுகிறாய். யார் வாயிலிருந்து கேட்டு எழுதினாய் அதையெல்லாம்? வார்டனிடம் கெஞ்சி வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். நான் வாய் திறக்கும் முன்பே "எல்லாரும் நல்லாயிருக்கோம், நீ படி" என்று வைத்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். அப்பாவுக்கு என்ன?

அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை.

போன கடிதத்தின் முதல் வரியிலேயே ஒரு பொய் எழுதிவிட்டேன், விதிப்படி இன்னொன்று எழுதக் கூடாது. எழுதவும் வரவில்லை. நீ கண்டுபிடிக்கக் கூடாதென்று பாதி மனசு, கண்டுபிடித்துவிட வேண்டுமென்று பாதி மனசு. அம்மா தன் தலைமேல் என் கையை வைத்து வாங்கிய சத்தியம் இது. உடைத்துவிட்டேன்.

அப்பாவின் வலது கை மணிக்கட்டோடு தொங்குகிறது. பிப்ரவரி கடைசியில் தண்ணீர்க் குவளையை எடுத்தார், கை தூக்கவில்லை, குவளை விழுந்தது. நான் வழக்கம்போல "புவியீர்ப்பு விசை வேலை செய்யுதுப்பா" என்றேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜோக்கைத் திரும்ப வாயில் போட்டு விழுங்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

இங்கே உள்ள டாக்டர் ஈறைப் பார்த்தார், கருநீலமாக ஒரு கோடு. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயமாம். ரத்தம் குறைந்துவிட்டது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறதாம். அந்த ஐந்து வரியும் அவர் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதுதான். அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. உனக்காகப் படித்துப் படித்து எனக்குப் புரிந்து தொலைத்தது.

"எத்தனை வருஷமா ஈயம் உருக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பெரியவ பொறந்ததுலேர்ந்து" என்றார் அப்பா.

இன்னும் சொல்கிறேன், கேள். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து இங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி உன் ஊரில்தான் இருக்கிறது. அதனால்தான் அப்பா போக மாட்டேன் என்கிறார். "அங்க போனா அவளுக்குத் தெரிஞ்சிடும். பரீட்சை முடியட்டும். ஈயம் எங்க ஓடிடப் போகுது?" அம்மாவும் தலையாட்டுகிறாள். நானும்தான் ஆட்டினேன். மூன்று பேரும் சேர்ந்து ஆட்டிக்கொண்டிருக்கிறோம், அவர் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறார். நேற்று என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தியதும் கோபம் வந்துவிட்டது.

என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா. நீ வந்தால் தேர்வு போகும். நீ வராவிட்டால்.

கொசு


ஏப்ரல் 1

கொசுவுக்கு,

நான் நலம். இதில் சந்தேகம் வேண்டாம்.

அம்மாவிடம் மறுபடி போனில் பேசினேன். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "எனக்கு எல்லாம் தெரியும்மா. வெள்ளிக்கிழமை பஸ்ஸில அப்பாவை ஏத்து. இல்லேன்னா நான் இங்கேர்ந்து ஏறுறேன்" என்றேன்.  அவள் உடனே "துண்டு, போர்வையெல்லாம் எடுத்துட்டு வரணுமா" என்று கேட்டாள். அவ்வளவுதான், அவள் எத்தனை நாளாக இந்தக் கேள்வியை அடக்கி வைத்திருந்தாளோ.

உன்மேல் கோபம் இருக்கிறது. அதற்கு இப்போது நேரமில்லை.

நீ வராதே, உன் பள்ளித் தேர்வை எழுது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்குப் படுக்கச் சொல். அப்பாவின் கடைச் சட்டைகளை மற்ற துணியோடு துவைக்காதே, அந்தத் தூசியிலும் ஈயம் இருக்கும். நான் பகலில் வார்டில் உட்கார்ந்து படிப்பேன், மாலையில் விடுதிக்கு வந்துவிடுவேன். இரண்டையும் செய்வேன். செய்தே ஆக வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

நீ, அப்பா, அம்மா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம். தையல்காரம்மாவும் நலம், அவருடைய குறட்டை மட்டும் இரட்டைத் தையல்.

அப்பாவின் கடைச் சட்டைகளை ஆணியிலிருந்து குச்சியால் எடுத்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன். அமிலம் தெறித்த ஓட்டைகள் நிறைய. சின்ன வயதில் அந்த ஓட்டையில் விரல் விட்டு விளையாடுவோமே, நீ ஒரு கையில், நான் ஒரு கையில். அதை நினைத்ததும் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

கடை முதலாளி வந்தார். "உங்கப்பா எப்ப வருவார்?" என்றார். "ஈயம் எறங்கினதும்" என்றேன். "அது எப்ப எறங்கும்?" "ஏறுன வழியா எறங்க வருஷமாகும்." புரிந்ததோ இல்லையோ, போய்விட்டார். பின்னறைக்கு இன்றும் ஜன்னல் வைக்கவில்லை என்று தையல்காரம்மா சொன்னார். வேறு ஆள் போட்டாயிற்றாம்.

தினமும் தையல்காரம்மா போனில் அம்மாவைக் கூப்பிடுகிறேன். "நல்லாயிருக்கார்" என்கிறாள். அம்மாவுக்கு அது மூச்சு மாதிரி, விட்டுக்கொண்டே இருப்பாள். நேற்று பின்னால் யாரோ ஓடும் சத்தம், நர்ஸ் கத்தும் சத்தம் எல்லாம் கேட்டது. அம்மா அப்போதும் "நல்லாயிருக்கார்" என்றாள்.

அதனால் நீ எழுது. தேர்வுக்கு முன்னால் எழுதி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, முடிந்ததும் எழுது. ஐந்து வரி போட்டு, விதிப்படி எழுது. அம்மா சொல்வதில் எத்தனை பொய் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. உன் கடிதத்தில் ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் உண்மை என்று நான் தூங்குவேன்.

நன்றாக எழுது. நடுங்கினால் என்னை நினை, கோபத்தில் கை நின்றுவிடும்.

கொசு


மே 3

கொசுவுக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன். உன் பள்ளித் தேர்வு முடிந்திருக்கும், நன்றாக எழுதியிருப்பாய்.

அப்பா தேறி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் தேர்வு எழுதினேன்.

1. மனித உடம்பின் மிகச் சிறிய எலும்பு காதுக்குள் இருக்கிறது.
2. வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரம், சூரியனை ஒரு முறை சுற்றும் நேரத்தைவிட அதிகம்.
3. தண்ணீர் உறையும்போது விரியும்.
4. ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது.
5. சூரிய ஒளி நம்மிடம் வந்துசேர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 9

அக்கா,

கடிதம் வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டாவதைப் பார்த்ததும் சிரித்தே விட்டேன். நாள் பெரிசு, வருஷம் சின்னதா? நல்ல பொய், பிடித்துவிட்டேன், அப்பா தேறிவிட்டார் என்று தையல்காரம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவர் வாயில் ஊசி இருந்தது, நல்லவேளை விழுங்கவில்லை.

உறுதிசெய்துகொள்ளலாமே என்று அறிவியல் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "அது சரிதான்டி. வெள்ளி அவ்வளவு மெதுவாத்தான் சுத்தும்" என்றார். நான் விடவில்லை. "அப்ப ஆண் தேனீ?" "கொடுக்கு கெடையாது." "காது எலும்பு?" "சரி." "தண்ணி?" "சரி. உனக்கு என்ன ஆச்சு? பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே." "டீச்சர், ஒண்ணே ஒண்ணாவது தப்புன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சூரிய ஒளியும் சரி.

ஐந்தும் உண்மை. ஒரு கடிதத்துக்கு ஒரு பொய். மிச்சம் இருப்பது இரண்டு வரி.

அப்பா தேறி வருகிறார்.
ஞாயிற்றுக்கிழமை நான் தேர்வு எழுதினேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அப்பா நல்லாயிருக்கார், அக்கா நல்லா எழுதினா, நீ சாப்பிட்டியா" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அப்பாவிடம் கொடு என்றேன். தூங்குகிறார் என்றாள். பகல் பதினொரு மணிக்கு.

நீ எத்தனை வருஷம் படித்தாய் என்று எனக்குத் தெரியும். இதுதான் கடைசி என்றும் தெரியும். அப்படியும் இந்த மூன்று நாளாக, நீ தேர்வு எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, எந்நேரமும். உன் தங்கை உனக்கு வேண்டிக்கொள்கிற விஷயம் இது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு எதையும் வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை.

எது பொய் அக்கா? இந்தத் தடவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீயே சொல்லிவிடு.

கொசு


மே 12

கொசுவுக்கு,

நீ வேண்டிக்கொண்டது நடந்திருக்கிறது. நான் தேர்வு எழுதவில்லை.

நேராக எழுதக் கை வரவில்லை, அதனால் விதிப்படி எழுதினேன். இரண்டு வரியை வைத்து உன்னை மூன்று நாள் அல்லாடவிடுவேன் என்று யோசிக்கவில்லை. மன்னித்துவிடு.

தேர்வன்று ஞாயிறு காலை நுழைவுச்சீட்டு, இரண்டு பேனாவோடு கிளம்பி, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வார்டுக்குப் போனேன். அவருக்கு வலிப்பு வந்தது. அம்மா கத்தினாள். நான் அவரை ஒருக்களித்துத் திருப்பித் தலையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் ஓடி வந்தார், பிறகு டாக்டர் வந்தார். ஒன்று நின்றால் இன்னொன்று வந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். தேர்வு மையக் கதவை எப்போது மூடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தலையைப் பிடித்தபடி அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா "நீ போடி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே என் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள். கதவு மூடும் நேரம் தாண்டியதும் எனக்கு அழுகை வரவில்லை. கை நடுங்குவது நின்றிருந்தது.

இப்போது வலிப்பு வரவில்லை. மருந்து ஏற்றி ஏற்றி ஈயம் இறங்குகிறது. எலும்பில் இருப்பது மெல்லத் திரும்ப ரத்தத்துக்கு வருமாம், மறுபடி ஏற்ற வேண்டுமாம். கை இன்னும் தொங்குகிறது, நடுவிரல் மட்டும் கொஞ்சம் அசைகிறது. தேறி வருகிறார் என்றது உண்மை. அந்த அளவுக்குத்தான் உண்மை.

விடுதியைக் காலி செய்துவிட்டேன். இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெரிந்தது போல எழுதலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதாக இல்லை.

நினைவு தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பரீட்சை எப்படிம்மா எழுதின?"

"நல்லா எழுதினேம்ப்பா."

"அறிவியல்?"

"அதுதாம்ப்பா ரொம்ப நல்லா வந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், டாக்டரிடம், தரை துடைக்க வரும் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டார். முடிவு எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்.

அவருக்கு நம் விதி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறி வா. உன்னிடமும் கேட்பார். அக்கா நல்லா எழுதினாப்பா என்று சொல். சொல்லும்போது சிரி. உனக்கு வரும்.

அக்கா